மழை மேசையின் கீழ்முனை

நகரத்தை மூழ்கடித்துவிட்டுப் பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள்.

"இன்னொரு வாட்டி! இன்னொரு வாட்டி!" என்று ஒருவன் கத்த, மேசையைச் சுற்றி நின்ற மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். விரல் நீள வீடுகள் தண்ணீரில் முங்கிக் கிடந்தன. ஒரு பொம்மை ஆட்டோ கவிழ்ந்து, சுழன்றபடியே கீழ்முனை ஏரியை நோக்கிப் போனது. அதற்கென்று தனியாக ஒரு சிரிப்பு எழுந்தது.

பிரிஸில்லா சுவரோரம் நின்று பார்த்தாள். நின்றாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தாள். பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். இந்த மேசையை வரைந்து, வார்த்து, குழாய் பொருத்தி இங்கே கொண்டுவந்து நிறுத்த அவளுக்கு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பருவநிலை மாற்றத்தைப் பிள்ளைகள் விளையாடியே புரிந்துகொள்ள வேண்டும், அதுதான் அருங்காட்சியகம் கேட்டது. அவர்கள் புரிந்துகொண்டது ஊரைக் கவிழ்ப்பதில் இருக்கும் குஷியை.

மேசை பெரியது. மேல்முனை உயரம், கீழ்முனை தாழ்வு. நடுவில் ஒன்றோடொன்று கால்வாயால் கோத்த ஏரிகள், பெங்களூரின் பழைய ஏரிகள் இருந்த மாதிரியே. பிள்ளைகள் கையில் இரண்டு வகைக் கட்டைகள். சிமெண்ட் போல வழுவழுப்பானது ஒன்று, தண்ணீரை உறிஞ்சும் பச்சைப் பஞ்சு மற்றொன்று. அவற்றைத் தெருக்களில் அடுக்கிவிட்டு ஒரு குமிழைத் திருகினால் பூமியின் சூடு ஏறும். மேலே தொங்கும் சல்லடையிலிருந்து மழை கொட்டும். எவ்வளவு வீடு தப்பியது என்று பக்கத்துத் திரை மதிப்பெண் சொல்லும்.

முதலில் செய்தது இப்படி இல்லை. அதில் ஒவ்வொரு சுற்றுக்கும் மழை ஏறிக்கொண்டே போகும், கடைசியில் ஊர் எப்படியும் மூழ்கும். அதை விளையாடிப் பார்த்த ஒரு சிறுமி, "அப்ப நாங்க என்ன பண்ணாலும் ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டுவிட்டு டைனோசர் எலும்பு பார்க்கப் போய்விட்டாள். அதனால்தான் மதிப்பெண் வந்தது. மதிப்பெண் வந்ததும், காப்பாற்றுவதைவிட மூழ்கடிப்பது சுலபம், ஜாலியும்கூட என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அன்று மத்தியானம் வேதநாயகி தன் அறைக்குக் கூப்பிட்டார். அருங்காட்சியகத்தில் காட்சிக்கூடங்களுக்குப் பொறுப்பு அவர்தான். எதிர் நாற்காலியில் ஆராவமுதன் உட்கார்ந்திருந்தார். மழைக் கணக்குகளை ஆராயும் விஞ்ஞானி, மேசைக்கு ஆலோசகர். நாற்பதைத் தொடாத வயதிலும் சட்டைப் பையில் இரண்டு மூக்குக் கண்ணாடி வைத்திருப்பார்.

"பாருங்க பிரிஸில்லா, இப்ப நடக்கறது சோதனை ஆட்டம். கூடத்தை அக்டோபர்ல திறக்கறோம்," என்றார் வேதநாயகி. "குழந்தைங்க சந்தோஷமா வெளிய போகணும். மூணு பச்சைக் கட்டை வெச்சா மழை நிக்கட்டும். திரையில நட்சத்திரம் விழட்டும். 'ஊரைக் காப்பாத்திட்டீங்க'ன்னு ஒரு குரல் வரட்டும். அவ்வளவுதான்."

"மூணு மரம் வெச்சா வெள்ளம் நிக்கும்னு என் பேரைப் போட்டு எழுத முடியாது மேடம்," என்றார் ஆராவமுதன்.

"நீங்க சொல்ற மாதிரி வெச்சா ஒரு குழந்தை நிக்காது சார்."

"காத்து சூடானா அதிக ஈரம் தாங்கும். தாங்கினதை ஒரே மூச்சுல கொட்டும். நான் சொல்றது அவ்வளவுதான். அதுல நட்சத்திரம் எங்க வருது?"

இருவரும் பிரிஸில்லாவைப் பார்த்தார்கள். அவள் எழுந்து ஜன்னலருகே போயிருந்தாள். வெளியே வானம் ஈயம் மாதிரி கிடந்தது.

"எனக்கு ஒரு வாரம் குடுங்க," என்றாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

லிங்கராஜபுரம் போகும் பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்தாள்.

"சாப்பிடறப்பவாவது உக்காரேன் ப்ரிஸி," என்றான் க்ளென். அவளுடைய கணவன். வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்குக் கணினி வேலை பார்க்கிறவன். எதற்கும் பதறாதவன். அதுவே சில நாள் அவளுக்கு எரிச்சலாக இருக்கும்.

"மூழ்கினா சிரிக்கறாங்க க்ளென். ஜெயிச்சா ரெண்டு நிமிஷத்துல மறந்துடறாங்க. நடுவுல என்னமோ ஒண்ணு இருக்கணும். அது என்னன்னு புடிபடல."

"பிள்ளைங்கதானே. விளையாடிட்டுப் போகட்டும்."

"போன வருஷம் நம்ம ஹால்ல தண்ணி நின்னப்ப நீ சிரிச்சியா?"

"அதுக்குத்தான் வழி பண்ணிட்டோமே," என்றான் அவன், இன்னொரு சப்பாத்தியை எடுத்துக்கொண்டு.

பண்ணியிருந்தான். அவர்கள் தெரு சரிவான தெரு. போன வருஷ மழையில் மேல் தெருத் தண்ணீர் கேட்டுக்குள் புகுந்து சோபாவின் கால்களை ஊறவைத்தது. அது வடிந்த கையோடு க்ளென் ஆள் வைத்து கேட்டுக்கு முன்னால் மேடாக ஒரு ராம்ப் போட்டான். செம்பருத்தி நின்ற துண்டு மண்ணையும் சிமெண்ட் போட்டு மூடினான். அதற்குப் பிறகு ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அப்போது பிரிஸில்லா மேசைக்கான ஏரிகளை வரைந்துகொண்டிருந்தாள். ராம்ப் எப்படி வந்தது என்றுகூடச் சரியாகக் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் மர்பி டவுனிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் வந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், கூட்டி வந்தவர் ஸ்ரீலக்ஷ்மி டீச்சர். அவர்கள் மேசைக்கு வந்து சேரும் நேரம் வெளியே மழை பிடித்துக்கொண்டது. தூறி, வலுத்துப் பெய்கிற மழை இல்லை. யாரோ மேலேயிருந்து அண்டாவைக் கவிழ்த்த மாதிரி விழுந்தது. கண்ணாடிக் கூரையில் அதன் சத்தம் பேச்சையெல்லாம் அமுக்கியது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் விளக்குகளை மட்டும் எரியவைத்தது. மேசையின் பம்பு ஓடவில்லை, சல்லடை காய்ந்து தொங்கியது, திரை கறுத்துக் கிடந்தது.

"பஸ் வராதாம்," என்றார் ஸ்ரீலக்ஷ்மி டீச்சர், போனைக் காதிலிருந்து எடுத்து. "பாலத்துக்குக் கீழ தண்ணி நிக்குதாம். எப்ப வடியும்னு டிரைவருக்கே தெரியலையாம். நான் இத்தனை பேரை வெச்சுகிட்டு என்ன பண்ணுவேன் சொல்லுங்க."

பிள்ளைகள் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். இரண்டு பேர் படிக்கட்டுக் கைப்பிடியில் சறுக்கப் போய்த் திட்டு வாங்கினார்கள். பிரிஸில்லாவின் போன் அடித்தது. க்ளென்.

"ப்ரிஸி, ரோட்டுல முழங்கால் தண்ணி. ஆனா நம்ம வீட்ல ஒரு சொட்டு இல்ல. நீ அவசரப்பட்டுக் கிளம்பாத. ராம்ப் போட்டது எவ்ளோ நல்லதாச்சு பாரு."

"கரண்ட்?"

"இல்ல. அதனால என்ன? நான் தூங்கப் போறேன்."

அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். மேசையைச் சுற்றிச் சத்தம் மாறியிருந்தது. ஜடையை மடித்துக் கட்டிய ஒரு பெண் கேன்டீனிலிருந்து டம்ளர் கொண்டுவந்து, கீழ்முனை ஏரியில் மொண்டு, மேல்முனையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் சிந்து என்பது கத்தலிலிருந்து தெரிந்தது.

"சிந்து! மிஸ் பாத்தா கொல்லுவாங்க!"

"நான்தான் மழை. என்னை யாரு கொல்லுவா?"

தடுக்கலாமா என்று பிரிஸில்லா ஒரு அடி எடுத்து வைத்தாள். பிறகு கேன்டீனுக்கு ஓடிப் போய் ஒரு தட்டில் இன்னும் சில டம்ளர்களும் கிண்ணங்களும் ஒரு பெரிய ஜக்கும் எடுத்து வந்து மேசை விளிம்பில் வைத்தாள்.

சிந்து மேல்முனையில் இருந்தாள். தன் தெருக்கள் முழுவதும் சிமெண்ட் கட்டைகளை நெருக்கி அடுக்கினாள். டம்ளரைக் கவிழ்த்தாள். தண்ணீர் அவள் தெருவில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு கீழே ஓடியது.

"பாத்தியா? என் ஊர்ல தண்ணியே இல்ல. நான் ஜெயிச்சேன்."

"உன் தண்ணியெல்லாம் எங்க இருக்குதுன்னு கொஞ்சம் வந்து பாரு," என்றாள் கீழ்முனையில் இருந்த இளவேனில். ஒல்லியான பெண். அவளுடைய வீடுகள் கூரை வரை முங்கியிருந்தன. "நான் ஒண்ணுமே பண்ணல. பஞ்சுதான் வெச்சேன். அதையும் மீறி வருது."

"அது உன் பிரச்சினை." பிரிஸில்லாவுக்குச் சிரிப்பு வந்தது.

"எப்படி என் பிரச்சினை? ஊத்தறது நீ!"

இருவருக்கும் ஆள் சேர்ந்தது. மேல் கட்சி, கீழ் கட்சி. பத்து நிமிஷத்துக்கு முன்னால் சறுக்கி விளையாடியவர்கள் இப்போது முகம் சிவக்க வாதாடினார்கள். இளவேனில் சட்டென்று, "அப்ப எடம் மாத்து. நீ இங்க வா, நான் அங்க போறேன்," என்றாள். சிந்து தயங்கினாள். மற்றவர்கள் விடவில்லை. மாறினார்கள்.

இளவேனில் மேல்முனைக்கு வந்ததும் ஜக்கை எடுத்தாள்.

"ஏய், அது அநியாயம்! நான் டம்ளர்ல ஊத்தினேன்!"

"இப்ப சூடு ஏறிடுச்சு. அந்தக் குமிழை எவ்ளோ திருகினீங்க? அதான் மழை பெருசாயிடுச்சு," என்றாள் இளவேனில்.

ஆராவமுதன் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. சட்டை பாதி நனைந்திருந்தது. "ஜக் வேணாம்மா," என்றார் அவசரமாக. "வருஷத்துக்குப் பெய்யற மழை அவ்வளவு கூடல. அதே தண்ணிதான், கொஞ்சம்தான் அதிகம். ஆனா..." அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கேன்டீன் தட்டிலிருந்து அகலமான ஒரு கிண்ணத்தை எடுத்தார். டம்ளர் தண்ணீரை அதில் ஊற்றி, இன்னும் கொஞ்சம் சேர்த்து, அவளிடம் நீட்டினார். "இதால ஊத்து. வாய் அகலம். ஒரே அடியா விழும்."

அவள் ஊற்றினாள். ஏறக்குறைய அதே அளவு தண்ணீர்தான், ஆனாலும் டம்ளரில் மெல்ல வடிந்தபோது தாங்கிய பஞ்சு இப்போது தாங்கவில்லை. சிந்துவின் தெருக்கள் ஒரே வீச்சில் போயின. யாரும் கைதட்டவில்லை. "ஓ..." என்று மட்டும் ஒரு சத்தம் வந்தது.

பிறகு நடந்ததைப் பிரிஸில்லா நகராமல் பார்த்தாள். கீழ்க் கட்சி மேல் கட்சியிடம் பேரம் பேசியது: நீ நாலு தெருவுக்குப் பஞ்சு வை, நான் ஏரி வாயை அகலப்படுத்தறேன். மேல் கட்சி ஒப்புக்கொண்டது, பிறகு ஏமாற்றியது. மறுபடி சண்டை. "அடுத்த சுற்றுல நீங்கதான் கீழ வருவீங்க, ஞாபகம் வெச்சுக்கோ," என்று யாரோ மிரட்டினார்கள். அந்த மிரட்டல் வேலை செய்தது. பஞ்சுகள் மேலே ஏறின. ஊர் முழுதாகத் தப்பவில்லை, முழுதாக மூழ்கவும் இல்லை. பஸ் வந்துவிட்டது என்று ஸ்ரீலக்ஷ்மி டீச்சர் சொன்னபோது, "ஒரே ஒரு சுற்று மிஸ், ப்ளீஸ்!" என்று கெஞ்சினார்கள்.

"வீட்டுக்குப் போக அடிச்சுக்குற பிள்ளைங்க இவங்க," என்றார் டீச்சர் ஆச்சரியமாக.

பிரிஸில்லா கிளம்பும்போது மழை விட்டிருந்தது, சாலை விடவில்லை. ஆட்டோக்காரர்கள் "பரல்லா மேடம்", வர முடியாது என்று கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். கொஞ்ச தூரம் பஸ், மீதி நடை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சாக்கடை மோரி எங்கே ரோடு எங்கே என்று தெரியாத தண்ணீரில் சுவரைத் தடவித் தடவி நடந்தாள். மனசு மட்டும் முன்னால் ஓடியது. திரையை எடுத்துவிட வேண்டும். பம்பும் வேண்டாம். கிண்ணங்கள் போதும், இடம் மாறுவது போதும். யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போல இருந்தது.

தெருமுனை திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அவர்கள் வீடு காய்ந்து கிடந்தது. கேட்டுக்கு முன்னால் ராம்ப் கரை மாதிரி எழும்பி நின்றது. அதில் மோதிய தண்ணீர் அப்படியே வளைந்து, இன்னும் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டுக்கு.

அடுத்த வீடு அல்போன்சாவுடையது. முன்னறையை அழகு நிலையமாக வைத்திருப்பவள். கணவர் நோயல் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அன்று இரவு ஷிப்ட். கதவு திறந்திருந்தது. உள்ளே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அல்போன்சா நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கெட்டால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தாள். சுழல் நாற்காலியின் இருக்கை வரை தண்ணீர் ஏறி இறங்கிய கறை தெரிந்தது. சீப்பும் ரோலரும் மிதந்தன.

பிரிஸில்லா செருப்பை வெளியே போட்டுவிட்டு உள்ளே இறங்கினாள். மூலையில் கிடந்த இன்னொரு பக்கெட்டை எடுத்தாள்.

"வேணாம் பிரிஸில்லா. நீ போ."

"இருக்கட்டும்."

"போன்னு சொல்றேன்ல?" அல்போன்சா இறைப்பதை நிறுத்தி நிமிர்ந்தாள். "இப்ப வந்து இறைச்சு என்ன பண்ணப் போற? உன் புருஷன்கிட்ட ரெண்டு வாட்டி வந்து சொன்னேன். அந்த மேட்டைக் கொஞ்சம் கொத்தி விடுங்க, எல்லாத் தண்ணியும் எனக்குத்தான் வருதுன்னு. பாக்கலாம், பாக்கலாம்னாரு. இன்னிக்குப் பாத்துட்டாரா?"

பிரிஸில்லாவால் பக்கெட்டைக் கீழே வைக்க முடியவில்லை. மொண்டாள், வாசலுக்கு வெளியே வீசினாள், மறுபடி மொண்டாள். கொஞ்ச நேரத்தில் அல்போன்சாவும் பக்கத்தில் மொள்ள ஆரம்பித்தாள். தரை தெரிகிறவரை இருவரும் இறைத்தார்கள்.

வீட்டுக்குள் வந்தபோது க்ளென் டார்ச் வெளிச்சத்தில் டீ போட்டுக்கொண்டிருந்தான்.

"அல்போன்சா உன்கிட்ட சொன்னாளா?"

அவன் கரண்டியை நிறுத்தினான். "சொன்னாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அன்னிக்கே கடப்பாறை எடுத்துகிட்டுப் போய் நின்னிருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா?"

"அது தப்பா?"

"தப்புன்னு சொல்லல. ப்ரிஸி, போன வருஷம் சோபாவைத் தூக்கி மேசை மேல வெச்சப்ப மேல் தெருக்காரங்க யாராவது வந்து என்னான்னு கேட்டாங்களா? அவங்க எல்லாரும் ராம்ப் போட்டாங்க. நாமளும் போட்டோம். அல்போன்சாவும் போடட்டும்."

"அவ போட்டா தண்ணி அவளுக்கு அடுத்த வீட்டுக்குப் போகும். அவங்களும் போட்டா?"

"கடைசியில ஊர்ப் பெரிய வடிகால், அந்த ராஜகால்வாய்க்குப் போகும். அங்கதானே போகணும்?"

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் அவளை மேலும் தவிக்க வைத்தது. இன்று மத்தியானம் ஒரு சிறுமி 'அது உன் பிரச்சினை' என்று சொன்னபோது தான் சிரித்தது நினைவுக்கு வந்தது. டீயைக் கையில் வாங்கிக்கொண்டு ஹாலை இரண்டு முறை சுற்றினாள்.

"அந்த மேட்டுல ஒரு வழி வெட்டணும் க்ளென். முன்னாடி போட்ட சிமெண்டையும் பேத்து எடுக்கணும்."

"அப்ப தண்ணி நம்ம வீட்டுக்கு வரும்."

"கொஞ்சம் வரும்."

"வரட்டும்னு நான் சம்மதிக்கணும். அதானே கேக்குற?"

"ஆமா."

அவன் அன்று சம்மதிக்கவில்லை. இரண்டு நாள் இருவரும் வேண்டியதை மட்டும் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அல்போன்சா அவர்களைப் பார்த்து, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கூட்டத்தில் நடந்தாள். க்ளென் அதைப் பார்த்தான். வீட்டுக்கு வந்து ஷர்ட்டை மாற்றிக்கொண்டு, யாரிடமோ போனில் கொத்தனாரைக் கேட்டான். "எல்லாத்தையும் இடிக்க மாட்டேன்," என்றான் அவளிடம். "மேட்டுல ஒரு வழி விட்டு, கம்பி ஜாலி போட்டு, தண்ணிய மோரிக்குத் திருப்பலாம். முன்னாடி சிமெண்டைப் பேத்து ஜல்லியும் மண்ணும் போடலாம். அவ்வளவுதான். அதுக்கு மேல என்னைக் கேக்காத."

மோரி குப்பையால் அடைத்துக் கிடந்தது. அதைத் தோண்ட ஒரு நாள் போயிற்று. அல்போன்சா தன் கேட்டில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றி சொல்லவில்லை. சாயங்காலம் மோர் கொண்டுவந்து கொத்தனாருக்குக் கொடுத்தாள். க்ளெனுக்கும் ஒரு டம்ளர் வைத்துவிட்டுப் போனாள்.

பிரிஸில்லா கேட்ட ஒரு வாரம் முடிந்து மேலும் சில நாள் ஆகியிருந்தது. அவள் வேதநாயகியை அறைக்குப் போய்ச் சந்திக்கவில்லை. மேசைக்கு வரச் சொன்னாள். திரை இல்லை. சல்லடையும் இல்லை. மேல்முனையில் வாய் குறுகினதிலிருந்து அகலமானது வரை வரிசையாகக் கிண்ணங்கள். ஒவ்வொன்றின் மேலும் சூட்டின் அளவு எழுதியிருந்தது.

"மேடம், நீங்க கீழ்முனையில நில்லுங்க. சார் மேல."

"நான் விளையாட வரல பிரிஸில்லா."

"ஒரே ஒரு சுற்று."

வேதநாயகி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நின்றார். கவனமாகப் பஞ்சுகளை வைத்தார், ஏரி வாயைத் திறந்து வைத்தார். ஆராவமுதன் மேலே சிமெண்டாக அடுக்கினார். அகலக் கிண்ணத்தை எடுத்து ஒரே வீச்சாக ஊற்றினார். வேதநாயகியின் வீடுகள் முங்கின.

"இது நியாயமே இல்ல!" என்றார் அவர், உண்மையான கோபத்தோடு. "நான் எல்லாம் சரியாத்தானே வெச்சேன்? எனக்கு ஏன்?"

அவர் மேல்முனைச் சிமெண்ட் கட்டைகளைப் பார்த்தார். பிறகு ஆராவமுதனிடம், "நகருங்க சார். நான் மேல வரேன்," என்றார்.

மூன்று சுற்று ஆடினார்கள். மூன்றாவதில் வேதநாயகி தானாகவே மேல் தெருக்களில் பஞ்சு வைத்தார். 'இப்ப சரியா?' என்பது போல நிமிர்ந்து பார்த்தார். ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "குழந்தைங்க இப்படிக் கோவமா வீட்டுக்குப் போனா பெத்தவங்க என்னைத்தான் கேப்பாங்க."

"கோவமாப் போகட்டும் மேடம். ஒண்ணும் ஆகாதுன்னு கை விட்டுட்டுப் போகலையே? முதல்ல செஞ்சதுல அப்படித்தான் போனாங்க."

"நட்சத்திரம்?"

"வேணாம்."

"ஒரு மணியாவது வைங்க. இடம் மாறணும்னு எப்படித் தெரியும்? மேல இருக்கறவன் தானா இறங்கி வருவானா?"

பிரிஸில்லா யோசித்தாள். அது தனக்குத் தோன்றாமல் போனதில் வெட்கமாகக்கூட இருந்தது. "மணி வைக்கலாம்," என்றாள். "நல்லாப் பெரிய மணி."

அக்டோபரில் கூடம் திறந்தது. முதல் நாளே மேசையைச் சுற்றித் தரை நனைந்து, இரண்டு பேர் வழுக்கி, ரப்பர் விரிப்பு வாங்க ஆள் ஓடியது. ஒரு அப்பா மேல்முனையை விட்டு இறங்க மறுத்தார். மணி அடித்தும் நகரவில்லை. அவருடைய சின்ன மகள் கீழ்முனையிலிருந்து சுற்றி வந்து, சட்டையைப் பிடித்து, "அப்பா, எடம் மாறணும். ரூல்ஸ்," என்று கூடமே திரும்பும்படி சொன்னாள். அவர் அசடு வழிய இறங்கினார். ஆராவமுதன் கிண்ணங்களில் எழுதிய எண்களில் ஒன்று தவறு என்று கண்டுபிடித்து, அன்றைக்கே மாற்றச் சொல்லி உயிரை வாங்கினார். பிரிஸில்லா அன்று முழுக்க மாப்பும் கையுமாக நின்றாள். மத்தியானச் சாப்பாட்டையே மறந்துபோனாள்.

அந்த மாதக் கடைசியில் மறுபடியும் பெருமழை. ஞாயிறு பிற்பகல், இருவரும் வீட்டிலிருந்தார்கள். க்ளென் ஜன்னலோரம் நின்றான். தண்ணீர் மேல் தெருவிலிருந்து பழுப்பாக இறங்கி வந்தது. பாதி ஜாலி வழியாக மோரிக்குப் போனது. ஜல்லியில் கொஞ்சம் இறங்கியது. மீதி, எவ்வளவு பார்த்தும் நிற்காமல், வாசற்படி ஏறி ஹாலுக்குள் வந்தது.

"வந்துடுச்சு," என்றான் க்ளென். குரலில் குற்றம் சாட்டல் இருந்ததா என்று பிரிஸில்லா பார்த்தாள். இருந்தது. ஆனாலும் அவன் குனிந்து வயர்களைத் தூக்கி அலமாரியில் வைத்தான், கால்மிதியை உருட்டினான். அவள் சோபாவின் ஒரு பக்கத்தைப் பிடிக்க, அவன் மறுபக்கத்தைப் பிடித்தான்.

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "பிரிஸில்லா!" அல்போன்சா மழைக்கு மேல் கத்தினாள். "உங்க வீட்ல எவ்வளவு?"

"பாதம் அளவு! உனக்கு?"

"இங்கயும் அவ்ளோதான்! நாற்காலி நனையல!"

ஜன்னல் மூடியது. க்ளென் துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரை வாசலுக்குத் தள்ளினான். தள்ளத் தள்ளத் திரும்பி வந்தது.

"அடுத்த வருஷமும் இப்படியேதானா?" என்றான்.

"மேல் தெருக்காரங்ககிட்டப் பேசணும். அவங்களும் ஜல்லி போட்டா இது வராது."

"கேப்பாங்களா?"

"தெரியல. ஒவ்வொரு வீடாப் போய்ப் பாக்கணும்."

அவள் அப்போதே குடையை எடுத்திருந்தாள்.

"மழை விடட்டும் ப்ரிஸி."

"விட்டுட்டா தண்ணி எங்க போகுதுன்னு காட்ட முடியாது," என்றாள். கேட்டைத் திறந்து, எதிரே வந்த தண்ணீரில் மேல்நோக்கி நடந்தாள். முதல் வீட்டில் நாய் குரைத்தது. மணியை அடித்துவிட்டுக் குடைக்குள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறியபடி காத்திருந்தாள். உள்ளே யாரோ தாழ்ப்பாளை நீக்கும் சத்தம் கேட்டது.